பட்டினியும் உடல் வெப்பமும்
பறவைகளும் பாலூட்டிகளும் ஆகாரத்தை எரித்தே தேக உஷ்ணத்தை நிலையாகக் காத்து வருவனவாதலால், ஆகாரம் அற்றபோது அவ்வுஷ்ணத்தைச் சற்றே தாழவிட்டுச் சக்தியைச் சேமிப்பது அவற்றுட் பலவற்றின் சுபாவமாகும். பட்டினி கிடக்கும் மாடப்புறா, பகலில் ஏறக்குறைய வழக்கமான வெப்பத்துடனேயே இருந்து, இரவில் மட்டும் சில பாகை குளிர்ந்து, விடியும் வேளையில் மீண்டும் சூடேறுவதை நோக்க, இதனை வெறும் சோர்வென்று கொள்வதற்கில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி நடத்தும் ஒழுங்கான ஏற்பாடென்றே கொள்ளல் வேண்டும். சுண்டெலியோ, சிற்றுருவின் காரணமாக வெப்பத்தை விரைந்து இழப்பதனால், குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் உணவற்றிருப்பினும், ஏறத்தாழ 37 பாகை செல்சியசினின்று 31 பாகைக்கும் கீழிறங்கிச் சில மணி நேரம் மந்த நிலையிற் கிடக்கும். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் குறைவது இதற்கொரு காரணம். அண்டார்க்டிக் மாரிக்காலத்தில் ஏறத்தாழ 4 மாதம் உண்ணாது அடைகாக்கும் ஆண் எம்பரர் பெங்குவின்கள் அவ்வளவு குளிர்வதில்லை. கூட்டமாய் நெருங்கி நின்று வெப்பம் காக்கின்றன.