ராகேஷ் சர்மாவோடு பறந்தவர்

இந்தியாவின் முதல் விண்வெளி வீரர் யார்? நாமக்கல் பக்கம் பள்ளிகளில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. ராகேஷ் சர்மா, 1984 ஏப்ரல் 3, சோயுஸ் டி-11 என்று எழுதிவிட்டால் முடிந்தது. அது எவ்வளவு ஆபத்தான பயணம் என்று யாரும் கேட்பதில்லை!

சர்மாவோடு சென்ற சோவியத் வீரர்கள் இருவர், மாலிஷேவ் மற்றும் ஸ்ட்ரெகலோவ். இந்த ஸ்ட்ரெகலோவ் அதற்கு ஆறு மாதம் முன்புதான் சாவின் வாசல் வரை போய் வந்தவர்.

1983 செப்டம்பர் 26. பைக்கானூர் ஏவுதளத்தில் அவரும் டிட்டோவும் ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். புறப்பட இன்னும் ஒன்றரை நிமிடம்தான். அப்போது ராக்கெட்டின் அடியில் தீப்பிடித்தது. அவசரத்துக்குத் தப்பிக்க வைக்கும் கருவியின் ஒயர்களும் எரிந்துவிட்டன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ரேடியோ வழியாகக் கட்டளை கொடுத்து அந்தக் கருவியை இயக்கினார்கள். வீரர்கள் இருந்த கூடு மட்டும் பிய்த்துக்கொண்டு மேலே பறந்தது. சில நொடிகளில் கீழே ராக்கெட் வெடித்தது. இருவரும் சுமார் 4 கி.மீ. தள்ளி உயிரோடு இறங்கினார்கள்.

சோயுஸ் ஏற்கெனவே உயிர்களைக் குடித்த கலம்தான். 1967-ல் பாராசூட் சரியாக விரியாமல் கோமரோவ் இறந்தார். 1971-ல் திரும்பி வரும்போது காற்று கசிந்து மூவர் இறந்தனர்.

இத்தனைக்கும் பிறகு ஸ்ட்ரெகலோவ் மீண்டும் சோயுஸில் ஏறினார், பக்கத்தில் சர்மா. எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, மூவரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். போன கலத்தில் அல்ல, சல்யூட்-7 நிலையத்தில் ஏற்கெனவே நின்றிருந்த சோயுஸ் டி-10-ல்!