சூரிய மின்கலமும் வெப்பமும்

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் உருவாக்கிய சிலிக்கன் சூரிய மின்கலம், விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்றைய பலகைகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. ஆனால் சிலிக்கனின் ஒரு குணம் மாறவில்லை: அதற்கு வேண்டியது ஒளி, வெப்பம் அன்று. சூடேறினால் கலத்தின் மின்னழுத்தம் குறையும். பலகையின் திறன் 25 பாகை செல்சியசில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 விழுக்காடு குறையும். போடிநாயக்கனூரின் சித்திரை வெயிலில் பலகை 60 பாகையை எட்டினால் இழப்பு 14 விழுக்காடு. மேலே போடிமெட்டில் குளிர்காற்று கலத்தைக் காக்கும். ஆனால் மூடுபனியும் ஏலத்தோட்ட நிழல் மரங்களும் ஒளியை மறைக்கும். எனவே கீழே கூரைக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட இடைவெளி வேண்டும். மேலே நிழல் விழாத இடம் வேண்டும்.