தோட்டாவில் பூசிய கொழுப்பு

1857-ஆம் ஆண்டுப் பெரும்புரட்சிக்குத் தோட்டாவில் பூசிய கொழுப்பு உடனடிக் காரணமாயிற்று என்று படித்திருப்பீர்கள். தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அன்று புதிதாக வந்த என்ஃபீல்டுத் துப்பாக்கியின் குழல் 0.577 அங்குல விட்டமுடையது. உள்ளே சுருளாக மூன்று வரிப்பள்ளங்கள் வெட்டியிருந்தன. மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, கோலால் இடிக்க வேண்டும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகிறது. அதில் ஒரு பகுதி புகையாய்ப் பறக்க, எஞ்சியது குழலில் கசடாகப் படிகிறது. பல முறை சுட்டபின் அடுத்த குண்டு இறங்காது. பாசறையில் நீரூற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடலாம். போர்க்களத்தில் அதற்கு நேரம் ஏது? ஆகவே குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பும் மெழுகும் பூசினர். அப்பூச்சு கசடை இளக்கிக் குண்டுக்கு வழிவிட்டது.

பூச்சு தேவையே. ஆனால் தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டிய சிப்பாயின் சமயத்தைக் கம்பெனியார் கருதவில்லை. பசு, பன்றி இவற்றின் கொழுப்பு என்ற பேச்சு டம்டமில் எழுந்து எங்கும் பரவியது. சிப்பாய்களே பூச்சிட்டுக் கொள்ளலாமென ஜனவரியில் ஆணை பிறந்தும் பயனில்லை. ஏப்ரல் 24-இல் மீரத்தில் குதிரைப்படையினர் 90 பேருள் 85 பேர் தோட்டாவை ஏற்க மறுத்தனர். அவர்களுக்கு நீட்டியவை பழைய வகைத் தோட்டாக்களே! நம்பிக்கை அற்றபின் அவ்வேறுபாட்டை யார் ஏற்பார்? மே 9-இல் அவர்களுக்கு விலங்கு பூட்டினர். மறுநாள் புரட்சி வெடித்தது.

குழலின் கசடை நீர் கழுவும். உள்ளத்தில் படிந்த ஐயத்தை ஆணை கழுவவில்லை.