வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் உதவியாளர்: பணி என்ன? கொல்கத்தாவில் அமர்த்துவது எப்படி?

கொல்கத்தா: பக்கவாதத்தாலோ இடுப்பெலும்பு முறிவாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று மருத்துவர் கூறும்போது குடும்பத்தினர் நிம்மதி அடைகின்றனர். அன்று மாலையே அடுத்த கவலை தொடங்குகிறது. அவரைக் குளிப்பாட்டுவது யார், இரவில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது யார், புண் வராமல் படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது யார் என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன. கொல்கத்தாவில் பல குடும்பங்கள் இதற்கு விடை தேடிச் செல்லும் இடம் 'ஆயா சென்டர்'.

நோயாளிகளையும் முதியோரையும் வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் அனுப்பும் சிறு முகமைகளே இவ்வாறு அழைக்கப்படுகின்றன. போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த 'ஆயா' என்ற சொல், தமிழில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் பள்ளி, மருத்துவமனைப் பணிப்பெண்ணையும் குறிக்கிறது. வங்காளத்தில் அது படுக்கையில் இருக்கும் நோயாளியைக் கவனிக்கும் பெண்ணையும் குறிக்கும். ஆண் நோயாளிகளுக்கு ஆண் உதவியாளர்களை அனுப்பும் முகமைகளும் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 2001ஆம் ஆண்டில் 45.73 லட்சமாக இருந்த கொல்கத்தா மாநகர மக்கள்தொகை 2011ஆம் ஆண்டில் 44.97 லட்சமாகக் குறைந்தது. பிள்ளைகள் வேலை நிமித்தம் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் குடியேறிவிட, பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடுகள் நகரில் பரவலாக உள்ளன. தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியும் இதற்கு விதிவிலக்கல்ல.

உதவியாளரின் பணிகள்

மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் 'ஹோம் ஹெல்த் எய்டு' என்பது தனிப் பணியாக வரையறுக்கப்பட்டுள்ளது. சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில் இதற்கான பாடத்திட்டத்தை வகுத்துள்ளது. நோயாளியைக் குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல், கழிப்பறை செல்ல உதவுதல், நடக்க வைத்தல், படுக்கை விரிப்பை மாற்றுதல், உடல் வெப்பநிலையைக் குறித்து வைத்தல், நிலைமை மோசமானால் உடனே தெரிவித்தல் ஆகியவை இப்பணியில் அடங்கும்.

இவற்றுள் முக்கியமானது படுக்கைப் புண்ணைத் தடுப்பதாகும். தாமாக அசைய முடியாத நோயாளியைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்துள்ளதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். மூக்கு வழிக் குழாயில் உணவு செலுத்தும்போது நோயாளியின் தலைப்பகுதி உயர்ந்திருக்க வேண்டும். உணவு கொடுத்து முடித்தவுடன் அவரைத் தட்டையாகப் படுக்க வைக்கக் கூடாது. இவற்றில் கவனம் தவறினால் நோயாளி மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல நேரிடலாம்.

செவிலியர் வேறு, உதவியாளர் வேறு

ஊசி போடுதல், நரம்பு வழி மருந்து செலுத்துதல், உணவுக் குழாயையும் சிறுநீர்க் குழாயையும் பொருத்துதல், ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியவை பயிற்சி பெற்ற செவிலியரின் பணிகள். இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தின்படி, துணைச் செவிலியர் பயிற்சி இரண்டு ஆண்டுகளும், பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகளும் கொண்டவை. படிப்பை முடித்தவர்கள் மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். மேற்கு வங்கத்தில் இப்பணியை மேற்கு வங்க செவிலியர் கவுன்சில் மேற்கொள்கிறது.

எனவே ஒரு முகமை 'நர்ஸ்' என்று கூறி ஒருவரை அனுப்பினால், அவரது பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது குடும்பத்தின் உரிமை. அனுபவத்தின் மூலம் மட்டுமே பணி கற்றவரைச் செவிலியருக்குரிய கட்டணத்தில் அமர்த்துவது செலவை உயர்த்துவதுடன், நோயாளிக்கு ஆபத்தையும் விளைவிக்கலாம். மறுபுறம், குளிப்பாட்டவும் நடக்க வைக்கவும் மட்டுமே ஆள் தேவைப்படும் வீட்டுக்குச் செவிலியர் அவசியமில்லை.

அமர்த்தும் முறை

மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன்பே இதற்கான ஏற்பாட்டைத் தொடங்குவது நல்லது. வீட்டில் செய்ய வேண்டிய பணிகள், மருந்து வேளைகள், உணவின் அளவு, எந்த அறிகுறி தென்பட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பவற்றை மருத்துவரிடமும் வார்டு செவிலியரிடமும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். உதவியாளர் போதுமா, செவிலியர் தேவையா என்பதை இப்பட்டியலைக் கொண்டே முடிவு செய்யலாம்.

கொல்கத்தாவில் ஆள் கிடைக்கும் வழிகள் மூன்று: அந்தந்தப் பகுதியில் உள்ள ஆயா சென்டர்கள், வீட்டு மருத்துவச் சேவை வழங்கும் நிறுவனங்கள், தெரிந்தவர்களின் பரிந்துரை. ஆயா சென்டர்களில் பொதுவாகப் பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம் என இரு முறைகளிலும், வீட்டிலேயே தங்கும் 24 மணி நேர முறையிலும் ஆள் அனுப்பப்படுகிறது. குடும்பத்தினர் முகமையில் பதிவுக் கட்டணம் செலுத்துவதும், உதவியாளரின் நாள் கூலியிலிருந்து முகமை கழிவுத் தொகை பெறுவதும் பரவலான வழக்கம்.

முகமையுடன் பேசும்போது சில விவரங்களை எழுத்தில் பெறுவது பின்னாளில் உதவும். நாள் கூலி எவ்வளவு, அதில் உதவியாளர் கைக்குச் சேர்வது எவ்வளவு, உணவு யார் பொறுப்பு, வார விடுமுறை உண்டா, அவர் வராத நாளில் மாற்று ஆள் வருவாரா, நோயாளி மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. சமையல், துணி துவைத்தல் போன்ற வீட்டு வேலைகள் பணியில் அடங்குமா என்பதையும் முதல் நாளிலேயே பேசி முடிக்க வேண்டும். பின்னாளில் எழும் பிணக்குகள் பலவற்றுக்கு இதுவே காரணமாகிறது.

உதவியாளரின் அடையாள அட்டை நகல், புகைப்படம், நிரந்தர முகவரி ஆகியவற்றைப் பெற்று, விவரங்களை உள்ளூர் காவல் நிலையத்தில் அளிப்பது பாதுகாப்பானது. முதல் இரு நாள்களுக்குக் குடும்பத்தினர் ஒருவர் உடனிருந்து, நோயாளியின் பழக்கவழக்கங்களை எடுத்துக்கூற வேண்டும். மருந்து, உணவு, சிறுநீர், மலம் பற்றிய விவரங்களை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தால், பகலில் பணியாற்றுபவரும் இரவில் பணியாற்றுபவரும் ஒரே தகவலுடன் செயல்பட முடியும்.

காப்பீடு கைகொடுக்குமா?

பெரும்பாலும் கைகொடுக்காது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் தரப்படுத்திய மருத்துவக் காப்பீட்டு விலக்குகளில், குளிப்பது, உடுத்துவது, நடமாடுவது போன்ற அன்றாடச் செயல்களுக்கு வீட்டில் அளிக்கப்படும் பராமரிப்பும் இடம்பெற்றுள்ளது. அப்பணியைச் செவிலியரே செய்தாலும் இந்த விலக்கு பொருந்தும். மேற்கு வங்க அரசின் 'ஸ்வாஸ்த்ய சாதி' திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதே. எனவே மாதக் கணக்கில் நீளும் இச்செலவைக் குடும்பமே ஏற்க வேண்டியுள்ளது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, 'பராமரிப்பு' என்ற சொல்லில் உணவு, உடை, உறைவிடத்துடன் மருத்துவக் கவனிப்பையும் சேர்த்துள்ளது. பிள்ளைகள் பராமரிக்க மறுத்தால், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் மருந்துகள், இயன்முறைச் சிகிச்சை, நோய் தணிப்புப் பராமரிப்பு ஆகியவை வீடு தேடி வழங்கப்படுகின்றன. ஆயினும் வந்து செல்லும் பணியாளர்களைக் கொண்ட இத்திட்டம், நாள் முழுவதும் உடனிருக்கும் உதவியாளருக்கு மாற்றாகாது.

உதவியாளர்களின் நிலை

கொல்கத்தாவில் இப்பணியைச் செய்யும் பெண்களில் பலர் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் கேனிங், லட்சுமிகாந்தபூர் போன்ற பகுதிகளிலிருந்து சியால்டா தெற்குப் பிரிவு உள்ளூர் ரயில்களில் நகருக்கு வருகின்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட உள்ளூர் ரயில் சேவை நவம்பர் 11ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது. ரயிலை நம்பிய பெண்களுக்குக் கூலி இல்லாமல் போனது. அவர்களை நம்பிய வீடுகளில் நோயாளிகளைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. ஒருவரின் பிழைப்பும் மற்றவரின் நலனும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்துள்ளன என்பதை அந்த மாதங்கள் உணர்த்தின.

வீட்டுப் பணியாளர்களுக்குக் கண்ணியமான பணிச்சூழலை வலியுறுத்தும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. இந்தியா அதற்கு இதுவரை ஒப்புதல் அளிக்கவில்லை. எனினும் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, வீடும் பணியிடமே. பாதிக்கப்பட்ட பெண் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி தொடங்கப்பட்ட 'இ-ஷ்ரம்' தளத்தில் 16 முதல் 59 வயது வரையிலான அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்யலாம்.

உதவியாளருக்குக் கையுறை, முகக்கவசம், கை கழுவ வசதி, உறங்க இடம், உரிய நேரத்தில் உணவு ஆகியவற்றை வழங்குவது நோயாளியின் நலனுக்கும் உகந்தது. இரவு முழுவதும் விழித்திருந்தவரை மறுநாள் பகலிலும் தொடர்ந்து பணியாற்றச் சொல்வது தவறுகளுக்கே வழிவகுக்கும்.

உதவிக்கு அணுக

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. தகவல், ஆலோசனை, துன்புறுத்தலில் இருந்து மீட்பு ஆகியவற்றுக்கு இதில் தொடர்பு கொள்ளலாம். முகமையின் சேவைக் குறைபாடு குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அவசர உதவிக்கான எண் 112.

நகரில் தனியே வசிக்கும் முதியோருக்காகக் கொல்கத்தா காவல்துறை, 'தி பெங்கால்' அமைப்புடன் இணைந்து 2009ஆம் ஆண்டு முதல் 'பிரணாம்' என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. பெற்றோரைக் கொல்கத்தாவில் விட்டு வெளியூரில் வசிப்போர், உதவியாளரை அமர்த்துவதுடன் இத்திட்டத்தில் பெற்றோரைப் பதிவு செய்யவும் உதவலாம்.