கழகம் மறைந்த ஊர்

ஓர் ஊரில் நெடுநாள் பழகிய மளிகைக்கடை ஒன்று மூடப்பட்டால் மக்கள் இரண்டொரு நாள் வருந்துவர். பிறகு அடுத்த தெருக் கடைக்குச் செல்லப் பழகிக்கொள்வர். வாணிகத்தில் இஃது இயல்பு. ஆனால், மூடப்பட்டது ஒரு கால்பந்துக் கழகமாக இருந்தால் என்ன ஆகும்? அதன் ரசிகர் அடுத்த ஊர்க் கழகத்தின் மைதானத்துக்குச் சென்று ஆரவாரம் செய்வாரா? செய்யமாட்டார். அடுத்த ஊர்க் கழகத்தை எதிர்த்தே அவர் தம் இளமை முழுவதையும் கழித்திருப்பார். சட்டத்தின் கண்ணுக்குக் கழகம் ஒரு கம்பெனி. அதனை வாங்கலாம், விற்கலாம், கலைத்தும் விடலாம். ரசிகரின் கண்ணுக்கோ அது தந்தையிடமிருந்து பெற்றுத் தம் மக்களுக்கு விட்டுச் செல்லவேண்டிய குடும்பச் சொத்து. இவ்விரு பார்வைகளும் மோதும்போது விளைவது என்ன என்பதை இங்கிலாந்து நாட்டு ஊர்கள் மூன்றின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

லங்காஷயர் என்னும் பெயர் ஆலைத் துணியின் வாயிலாக நம் நாட்டார்க்கு நன்கு அறிமுகமானது. அப்பகுதியில் மான்செஸ்டர் மாநகருக்கு வடக்கே பெரி என்னும் ஊர் உள்ளது. காவல் துறையைச் சீர்திருத்தி அமைத்த ராபர்ட் பீல் 1788-இல் பிறந்தது அவ்வூர்ப் பகுதியிலேதான். 1733-இல் விசைநாடாவைக் கண்டு நெசவுத் தொழிலின் போக்கையே மாற்றிய ஜான் கே என்பவரும் அவ்வட்டாரத்தவரே. ஆலைகள் பெருகின, ஆலைத் தொழிலாளர் பெருகினர். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்டிரையும் இளைஞரையும் சனிக்கிழமை இரண்டு மணிக்குமேல் வேலை வாங்கலாகாது என விதித்தது. அதனால் ஆலைகள் அப்பொழுதே ஓயலாயின. உழைத்துக் களைத்த மக்களுக்கு வாரத்தில் ஓர் அரைநாள் ஓய்வு கிடைத்தது. அந்த அரைநாளில் பிறந்து வளர்ந்ததே கால்பந்து. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் என்னும் வழக்கம் இவ்வாறு ஆலைச் சங்கின் ஓசையோடு பிணைந்து எழுந்தது.

பெரி கழகம் 1885-இல் தோன்றியது. அவ்வாண்டு முதலே கிக் லேன் என்னும் மைதானம் அதன் இல்லமாயிற்று. 1894-இல் அது கால்பந்து லீகில் இடம் பெற்றது. 1900-இல் சவுதாம்டன் அணியை நான்கு கோல்களால் வென்று ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பையைக் கைப்பற்றியது. 1903-இல் டெர்பி கவுண்டி அணியை ஆறு கோல்களால் தோற்கடித்து மறுமுறையும் அக்கோப்பையை வென்றது. அவ்வாண்டுக் கோப்பைப் போட்டி முழுவதிலும் அக்கழகம் ஒரு கோலையேனும் எதிரிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஆறு கோல் வேறுபாட்டு வெற்றி என்னும் அச்சாதனைக்கு இணையாக மற்றொன்று நிகழ 2019-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் அதனை நிகழ்த்தியது மான்செஸ்டர் சிட்டி என்னும் பெருஞ்செல்வக் கழகம். அதே 2019-ஆம் ஆண்டிலேதான் பெரி கழகம் லீகிலிருந்து மறைந்தது. வரலாறு சில வேளைகளில் இத்தகைய கொடிய நகைச்சுவையை விரும்புகிறது போலும்!

வீழ்ச்சி ஒருநாளில் வந்ததன்று. மேல்நிலைக்கு உயரவேண்டும் என்னும் வேட்கையால் கழகத்தார் வருவாய்க்கு மீறிய சம்பளத்தில் ஆட்டக்காரர்களை அமர்த்தினர். பற்றாக்குறையை ஈடுசெய்யக் கடன் வாங்கினர். மைதானத்தையே அடகு வைத்தனர். 2018 டிசம்பரில் கழகம் ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறியது. நூற்று முப்பது ஆண்டுப் புகழின் விலை ஒரு பவுன்! 2019 வேனிற்காலத்தில், சம்பளம் சரிவரக் கிடைக்காத நிலையிலும் ஆட்டக்காரர்கள் திறம்பட ஆடி, கழகத்தை மூன்றாம் நிலைப் பிரிவுக்கு உயர்த்தினர். ஆயினும் புதிய பருவம் தொடங்கியபோது, கடனைத் தீர்க்கும் வகையைக் கழகத்தால் காட்ட இயலவில்லை. அதன் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன. லீக் நிருவாகம் 2019 ஆகஸ்டு 27-ஆம் நாள் மாலை ஐந்து மணியைக் கெடுவாகக் குறித்தது.

அன்று நிகழ்ந்ததைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கழகத்தை வாங்கிக்கொள்ள யாரேனும் முன்வருவர் என்னும் நம்பிக்கையில், நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியும் ஏந்திக் கிக் லேனுக்கு வந்தனர். மாதக்கணக்கில் தூசி படிந்த இருக்கைகளைத் துடைத்தனர், களைகளைப் பிடுங்கினர். அடுத்த ஆட்டத்துக்கு மைதானம் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கவலை. வாங்க வந்தவர் பின்வாங்கினார். அன்றிரவே கழகம் லீகிலிருந்து நீக்கப்பட்டது. நூற்றிருபத்தைந்து ஆண்டு உறவு அறுந்தது. மணக்கோலம் பூண்ட வீட்டிலேயே சாப்பறை முழங்கியது.

அதன்பின் ரசிகர்கள் என்செய்தனர்? அவர்கள் யாவரும் ஒரே வழியில் செல்லவில்லை. சிலர் கால்பந்தையே துறந்தனர். வேறு சிலர் அண்டை ஊர்ச் சிறு கழகங்களின் ஆட்டங்களைக் காணச் சென்றனர்; ஆனால், விருந்தினராகச் சென்றனரேயன்றி வீட்டாராகச் செல்லவில்லை. சனிக்கிழமை மூன்று மணி வந்தால் செல்லுமிடம் தெரியாது தவித்தவர் பலர். அவர்கள் இழந்தது ஆட்டத்தை மட்டுமன்று. வாரந்தோறும் அதே இடத்தில் அதே முகங்களைக் கண்டு, நலம் உசாவி, தோல்வியை ஒருங்கே நொந்துகொள்ளும் உறவையும் இழந்தனர். தனித்து வாழும் முதியவர் ஒருவருக்கு அந்த ஒரு மாலைப்பொழுதே வாரத்தின் பேச்சுத்துணையாக இருத்தல் கூடும். தோற்றுக்கொண்டே இருக்கும் கழகத்தையும் மக்கள் ஏன் விடாது பற்றி நிற்கின்றனர் என்னும் வினாவுக்கு விடை இங்கே உள்ளது. வெற்றி அவர்களை அங்கே சேர்த்திருக்கலாம். அவர்களை அங்கேயே நிறுத்தியது உறவு.

மற்றொரு சாரார் செயலில் இறங்கினர். 2019 இறுதியில் அவர்கள் பெரி ஏ.எஃப்.சி. என்னும் புதிய கழகத்தை நிறுவினர். உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு. கழகம் ரசிகர்களின் பொதுவுடைமை. சொந்த மைதானம் இல்லாமையால் அண்மையிலுள்ள ராட்கிளிஃப் ஊரின் மைதானத்தில், 2020-இல் கீழ்நிலை லீகொன்றில் ஆடத் தொடங்கினர். ஆனால், எல்லாரும் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘உயிர் பிரிந்த உடல் கிக் லேனில் கிடக்க, வேறோர் ஊரில் வேறொரு பெயரில் ஆடுவது எங்ஙனம் பெரி ஆகும்?’ என்பது ஒரு சாரார் வினா. ‘ஆடாத கழகம் எங்ஙனம் கழகம் ஆகும்?’ என்பது மறுசாரார் வினா. துயரத்தில் ஒன்றியிருக்க வேண்டியவர்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்தனர். இழப்பு மக்களை எப்போதும் ஒன்றுபடுத்தும் என்பது பொது நம்பிக்கை. பிளவுபடுத்துவதும் உண்டு என்பதைப் பெரி காட்டிற்று.

2022 பிப்ரவரியில், பழைய கழகத்தைப் போற்றிய சாரார் அரசாங்க உதவியையும் துணையாகக் கொண்டு கிக் லேன் மைதானத்தை விலைக்கு வாங்கினர். இப்போது ஒரு சாராரிடம் மைதானம் இருந்தது. மறுசாராரிடம் அணி இருந்தது. இணைவதே அறிவுடைமை என்பது எவர்க்கும் தெரியும். எனினும் அவ்வாண்டு நடந்த வாக்கெடுப்பில், ஒரு பக்கத்தில் வேண்டிய அளவு ஆதரவு சிறிதே குறைந்து, இணைப்பு தவறியது. 2023 மே மாதத்தில் நடந்த மறு வாக்கெடுப்பில் இரு சாராரும் இணங்கினர். அவ்வாண்டுக் கோடையில் பெரி என்னும் பழம்பெயரைத் தாங்கிய அணி, நான்காண்டு இடைவெளிக்குப் பின் கிக் லேனில் மீண்டும் ஆடியது. ஆடியது ஒன்பதாம் நிலைப் பிரிவில். இழந்ததோ மூன்றாம் நிலைப் பிரிவு. ஆயினும் அன்று மைதானத்துக்கு வந்தோர் அந்த வேறுபாட்டைப் பெரிதாக எண்ணினாரல்லர்.

நான்காண்டில் மீண்டது பெரியின் நற்பேறு. அதே லங்காஷயரில் உள்ள ஆக்ரிங்டன் ஊரார் நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். அவ்வூரின் ஆக்ரிங்டன் ஸ்டான்லி கழகம் 1921-இல் லீகில் இடம் பெற்றது. கடன் முற்றி, 1962 மார்ச்சில், பருவத்தின் நடுவிலேயே லீகிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதியது. உடனே மனம் மாறி, அக்கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றது. லீக் நிருவாகம் இசையவில்லை. அதுவரை ஆடிய முப்பத்து மூன்று ஆட்டங்களின் முடிவுகளும் பதிவேட்டிலிருந்து அடித்து நீக்கப்பட்டன. கழகம் கீழ்நிலையில் சில ஆண்டுகள் தள்ளாடி, 1966-இல் முற்றும் மறைந்தது. 1968-இல் ஊரார் கூடி அதே பெயரில் ஒரு கழகத்தை மீண்டும் தொடங்கினர். படிப்படியாக ஏறி, 2006-இல் அக்கழகம் லீகினுள் நுழைந்தது. 1962-இல் ஸ்டான்லி விட்டுச்சென்ற இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஆக்ஸ்போர்டு யுனைடெட் கழகம். 2006-இல் ஸ்டான்லி உள்ளே வந்தபோது, லீகிலிருந்து கீழே இறங்கிய கழகங்களுள் ஒன்று அதே ஆக்ஸ்போர்டு யுனைடெட்! ஆனால் 1962-இல் கண்ணீர் விட்ட ரசிகர்களுள் எத்துணைப் பேர் அந்நாளைக் காணும் பேறு பெற்றிருப்பர்? மீட்சிக் கதையைப் பேசும்போது இவ்வினாவையும் நாம் மறத்தல் ஆகாது.

விம்பிள்டன் கழகத்தின் வரலாறு வேறுவகையானது. அது சாகவில்லை, கொண்டுபோகப்பட்டது. 1889-இல் தோன்றிய அக்கழகம், 1988-இல் ஆற்றல்மிக்க லிவர்பூல் அணியை ஒரு கோலால் வென்று கோப்பையைப் பெற்றது. 1991-இல் தன் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறி, மற்றொரு கழகத்தின் மைதானத்தில் ஒண்டியிருந்தது. 2002 மே 28-ஆம் நாள், மூவர் குழு ஒன்று இருவர்க்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையில், கழகம் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் குடிபெயர இசைவளித்தது. விம்பிள்டனில் புதிய கழகம் ஒன்று தோன்றுவது கால்பந்தின் பொதுநலனுக்கு ஏற்றதன்று என்னும் கருத்தையும் அத்தீர்ப்பு உரைத்தது. ரசிகர்கள் அதற்குச் செயலால் மறுமொழி தந்தனர். அடுத்த மாதமே விம்பிள்டன் பொதுவெளியில், விரும்பிய இளைஞர்களை அழைத்து ஆட்டத்தேர்வு நடத்தி ஓர் அணியை உருவாக்கினர். ஒன்பதே ஆண்டுகளில், 2011-இல், அக்கழகம் கால்பந்து லீகில் இடம் பெற்றது. அதற்கு முன்பே, 2007-இல், பழைய கழகத்தின் நினைவுப் பொருள்கள் விம்பிள்டன் அடங்கிய மெர்டன் நகராட்சிக்குத் திருப்பி அளிக்கப்பட்டன. ஆட்டக்காரரையும் லீகில் உள்ள இடத்தையும் மாற்றிக்கொண்டு போகலாம்; நினைவை மாற்றிக்கொண்டு போதல் இயலாது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. 2020 நவம்பரில் அக்கழகம் பிளவ் லேனில் எழுந்த புதிய மைதானத்துக்குத் திரும்பியது. கொள்ளைநோய்க் காலமாதலின் அன்று பார்வையாளர் இருக்கைகள் வெறுமையாக இருந்தன. எனினும் வீடு திரும்பிவிட்டது.

இம்மூன்று வரலாறுகளிலிருந்து நாம் அறிவது யாது? நம் நாட்டு ஊர்களில் தேர் பழுதுபட்டால் புதுத்தேர் செய்கின்றோம். மரம் வேறு, சக்கரம் வேறு, தச்சர் வேறு. ஆயினும் அது அவ்வூர்த் தேரே. ஏனெனில், அதே வீதியில் அதே ஊரார் கூடி வடம் பிடிக்கின்றனர். கழகமும் அத்தகையதே. பெயர்ப்பலகையிலோ பங்குப் பத்திரத்திலோ அதன் உயிர் இல்லை. வடம் பிடிக்கும் கைகளில் உள்ளது.

எனினும் அன்பு ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிடலாகாது. கிக் லேனில் ரசிகர்கள் துடைப்பம் ஏந்தியபோது காலம் கடந்திருந்தது. அடகு வைத்தபோதும், ஒரு பவுனுக்கு விற்றபோதும் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. இந்தக் குறையைக் களையும் நோக்கத்தோடுதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2025-இல் கால்பந்து நிருவாகச் சட்டத்தை இயற்றி, கழகங்களின் பொருள்நிலையைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. ஒரு கழகத்தின் கணக்கு அதன் முதலாளிக்கு மட்டும் உரியதன்று, ஊருக்கும் உரியது என்பதை நாடு ஒப்புக்கொள்ள இத்துணைக் காலம் ஆயிற்று.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் ஒரு நூலகத்துக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, விளையாட்டுக் கழகத்துக்கோ உறுப்பினர் ஆவீர்கள். அதனை நேசியுங்கள், அதன் ஆண்டுக் கணக்கையும் படித்துப் பாருங்கள். பேரவைக் கூட்டத்துக்குச் சென்று ஐயங்களைக் கேளுங்கள். இழந்தபின் மீட்ட ரசிகர்களைப் போற்றுவோம். இழக்குமுன் காக்கும் பொறுப்பை நாம் கற்றுக்கொள்வோம்.