குவாய் பாலத்தில் காணாமல் போனவர்கள்

எனக்கு இரண்டாம் உலகப் போரைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, பிராட்வே பக்கத்து மினர்வா டாக்கீஸ். பள்ளியில் அது காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, மார்க் பத்து. மினர்வாவில் ஏ.சி. குளிரில் இரண்டரை மணி நேரம் ஓடியது. திருவொற்றியூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்த எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வசனம் பிடிபடாது. பாலம் வெடித்துச் சிதறுவதைப் பார்க்க எதற்கு இங்கிலீஷ்? குழப்பமான இடம் வந்தால் பின்வரிசையில் யாராவது ஒருவர் உரக்கக் கதை சொல்லிவிடுவார். ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ வந்தபோது நாங்கள் அட்லாஸை விரித்து நவரோன் தீவைத் தேடினோம். அப்படியொரு தீவே கிடையாது, நாவலாசிரியரின் கற்பனை. தேடிய சாக்கில் கிரீஸும் துருக்கியும் ஏஜியன் கடலும் மனப்பாடமாகிவிட்டன.

பிறகு ஹார்பரில் டாலி கிளார்க் வேலை. மேனிஃபெஸ்டில் எழுதியிருக்கிற சரக்கையும் கப்பலிலிருந்து உண்மையில் இறங்குகிற சரக்கையும் எண்ணி ஒப்பிடுவதுதான் தொழில். குறைந்தால் ‘ஷார்ட் லேண்டிங்’ என்று எழுத வேண்டும். ஓய்வுபெற்ற பின் எங்கள் பகுதிப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குப் போர்ப் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். தொழில் புத்தி அங்கேயும் கூடவே வந்தது. எந்தப் படத்தையும் அப்படித்தான் எண்ணிப் பார்க்கிறேன்.

‘தி கிரேட் எஸ்கேப்’ போட்ட அன்று திருவொற்றியூர் என்ஃபீல்டில் ஃபிட்டராக இருந்து ரிடையரான அண்ணன் ஒருவர் வந்திருந்தார். ஸ்டீவ் மெக்வீன் ஜெர்மன் ராணுவ மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டப் பறக்கிறார், பையன்கள் விசில் அடிக்கிறார்கள். அண்ணன் மட்டும் அசையவில்லை. “இது ஜெர்மன்காரன் வண்டி இல்லப்பா, டிரயம்ஃப். பெயின்ட் அடிச்சு ஏமாத்துறான்” என்றார். நூற்றுக்கு நூறு சரி. அந்தத் தாவலும் படத்துக்காகச் சேர்த்ததுதான். உண்மையில் 1944 மார்ச்சில் படத்தில் வருகிற அந்த ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து சுரங்கம் வழியே வெளியேறியவர்கள் 76 பேர். 73 பேர் மறுபடி பிடிபட்டார்கள். அவர்களில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவின் பேரில் சுட்டுக் கொன்றார்கள். இந்த எண்களைப் படம் மறைக்கவில்லை. ஆனால் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள், மோட்டார் சைக்கிள்தான் நினைவில் இருக்கும்.

இங்கிலீஷ்காரன் வண்டியைக் கண்டுபிடிப்பது சின்ன விஷயம். ‘அதே நேரத்தில் நம்ம கடற்கரையில் என்ன நடந்தது’ என்று கேட்பதுதான் நான் பையன்களிடம் எதிர்பார்க்கிற பாடம்.

‘டோரா! டோரா! டோரா!’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 7. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் பேர்ல் ஹார்பரைத் தாக்குகின்றன. படம் அங்கே முடிந்துவிடுகிறது, கப்பல்களின் பயணம் முடியவில்லை. அந்த ஆறு கப்பல்களில் ஐந்து அடுத்த ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. 5ஆம் தேதி கொழும்பு, 9ஆம் தேதி திருகோணமலை. இடையில் 6ஆம் தேதி வங்காள விரிகுடாவில் சுற்றிய இன்னொரு ஜப்பானியப் படை விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. அடுத்தது சென்னைதான் என்று நினைக்காதவர் யார்? அரசாங்கமே ஊரைக் காலி செய்யச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் கப்பற்படை வரவே இல்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒற்றை விமானம் மட்டும் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது.

பையன்களுக்குப் பிடித்த ‘மிட்வே’ படத்தில் அகாகி, சோரியு, ஹிரியு என்று வரிசையாகக் கப்பல்கள் மூழ்கும். கொழும்பைத் தாக்கிய கப்பல்களில் மூன்று அவை. சென்னைவாசிகளை மூட்டை கட்ட வைத்த கப்பல்கள் இரண்டே மாதத்தில் பசிபிக்கின் அடியில் கிடந்தன என்று சொன்னபோதுதான் ஒருவன் செல்போனைக் கீழே வைத்தான்.

“அப்போ நம்ம ஹார்பர்ல குண்டே விழலையா சார்?” என்று கேட்டான் இன்னொருவன். முதல் உலகப் போரிலேயே விழுந்திருக்கிறது, தம்பி. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்தது. சுமார் 130 குண்டுகள். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று ராயபுரத்தில் இன்றைக்கும் அடித்துச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. அதனால் ஜெர்மனியிலும் எம்டன் படம் உண்டு, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. எண்ணெய் எரிந்தது நம் ஊரில். ஹைகோர்ட் மதில் சுவரில் ஒரு கல்வெட்டு, அவ்வளவுதான்.

‘பேரி லிண்டன்’ போட்டபோது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே சீட்டாடுகிற படம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதில் வருகிற ஏழாண்டுப் போரில்தான் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிளாக் டவுனுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு மாதம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். படத்தின் நாயகன் அயர்லாந்துக்காரன். லாலியின் தகப்பனாரும் அயர்லாந்துக்காரர்தான். இதையெல்லாம் தூங்குகிற பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

குவாய் பாலத்துக்கு வருகிறேன். டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’, 1957, ஏழு ஆஸ்கர். மினர்வா நாட்களிலேயே அந்தச் சீழ்க்கைப் பாட்டு எங்கள் எல்லோர் வாயிலும் இருந்தது. தாய்லாந்துக் கதையைப் படமாக்கிய இடம் இலங்கையின் கித்துல்கல. படம் ஓடிய ஓட்டத்தில் தாய்லாந்தே தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. நிஜப் பாலம் இருந்தது மே க்ளோங் ஆற்றின் மேல். குவாய் பாலம் எங்கே என்று கேட்டு வந்த சுற்றுலாக்காரர்களுக்காக 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயர் வைத்தார்கள்.

படத்தில் வேலை செய்கிறவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள். அது பொய்யில்லை. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில் உழைத்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். ஆனால் அதே பாதையில் ஜப்பானியர் கொண்டுவந்து தள்ளிய ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கும் என்கிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், இவர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச்செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி. கைதிகளிடையே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது. கூலிகளுக்கு இரண்டும் இல்லை. அவர்களில் எத்தனை பேரின் அப்பனோ பாட்டனோ நம் துறைமுகத்திலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறியவர்கள்! மலாயாவுக்கு ஓடிய ராஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் கண்கலங்குகிற கிழவர்களை ஹார்பரில் நான் பார்த்திருக்கிறேன்.

படத்தில் இவர்கள் யாரும் இல்லை. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய ஷார்ட் லேண்டிங்கை நான் எழுதியதில்லை. குறையை நாவல்கள்தான் நிரப்பின. மலேசியாவின் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அந்தப் போர்க்காலத்துத் தென்கிழக்காசியாவைத் தமிழன் கண்ணால் பார்க்க ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை விட்டால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது.

குவாய் பட டி.வி.டி.யை நான் வாங்கியது பர்மா பஜாரில். கடைக்காரர் பர்மாவிலிருந்து வந்த குடும்பம். அவருடைய பாட்டி 1942இல் ரங்கூனிலிருந்து கைக்குழந்தையோடு நடந்தே வந்தவராம். போர் முடிந்து திரும்பிப் போய்க் கடை வைத்து, நே வின் அரசு 1964இல் கடைகளை எடுத்துக்கொண்டதும் மறுபடி வெறுங்கையோடு கப்பலேறியிருக்கிறார். “அந்த நடைய பத்தி எதுனா படம் வந்திருக்கா சார்?” என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் படம் வைத்து விற்கிறவர் என்னைக் கேட்கிறார்!

இருப்பதைச் சொன்னேன், ‘பராசக்தி’. 1952இல் வந்த அந்தப் படம் தொடங்குவதே ரங்கூனில், போரின் நடுவில். எஸ்.எஸ்.ஆர். நடித்த அண்ணன் பாத்திரம் அந்தப் பயணத்தில்தான் காலை இழக்கும். நாமெல்லாம் கோர்ட் சீனை மட்டும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்குப் பிறகு எழுபது வருஷத்தில், ஊரே சினிமா எடுக்கிற இந்த ஊரில், அந்த நடையை மட்டுமே சொல்கிற ஒரு பெரிய தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே செல்போனோடு போய் உட்காருங்கள். முதலில் வந்த கப்பலின் பெயரைக் கேளுங்கள். அதைச் சொல்லிவிட்டால் மற்றதை அவர்களே சொல்வார்கள்.