மல்லன் பட்டம் போன வழி

கூரம் செப்பேட்டில் ஒரு மன்னனின் முதுகு வருகிறது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களில் சாளுக்கியப் புலிகேசி திரும்பி ஓடினான். அவன் முதுகையே தகடாகக் கொண்டு வெற்றி என்ற எழுத்துகளைப் பொறித்தான் பல்லவ நரசிங்கவர்மன் என்கிறது அந்தச் செப்பேடு. அதை வெட்டுவித்தவன் நரசிங்கவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன். தாத்தாவின் பெருமையைப் பேரன் சொல்லும்போது கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் அந்த வெற்றியோடு ஒட்டிக்கொண்ட பட்டம் கற்பனையில்லை. மகாமல்லன், நம் வாயில் மாமல்லன்.

கூரத்தைக் கூரத்தாழ்வான் பிறந்த ஊராகத்தான் காஞ்சிபுரத்தில் பலரும் அறிவார்கள். பல்லவ வரலாற்றில் பாதி அந்த ஊரின் செம்பில் இருக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பட்டம் நரசிங்கவர்மனிடம் தொடங்கவில்லை. அவன் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் தனக்கு வைத்துக்கொண்ட எத்தனையோ பெயர்களில் ஒன்று சத்துருமல்லன். விழுப்புரம் மாவட்டத்தில் தளவானூர்க் குன்றைக் குடைந்து அவன் எடுத்த சிவன் கோயிலுக்கே சத்துருமல்லேசுவராலயம் என்று பெயர். அதற்கும் முன்பே மல்லரின் பெருமை தமிழில் உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மண்ணில் சாய்த்ததைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஒரு முழங்கால் எதிராளியின் மார்பில், மறுகால் அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகில் என்று பிடியைக்கூடச் சொல்லிவிடுகிறார். கோதாவில் நின்று பார்த்தவரால்தான் அப்படிப் பாட முடியும்.

மகன் பட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மகேந்திரன் காலத்தில் புலிகேசி காஞ்சியை நெருங்கிவிட்டான். புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவனின் ஒளி மங்கியது, அவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்று சாளுக்கிய அவைப்புலவர் ரவிகீர்த்தி ஐஹொளேயில் கல்லில் எழுதிவைத்தார். அது 634. எட்டே ஆண்டில், 642-இல், பல்லவப் படை சாளுக்கியத் தலைநகர் வாதாபிக்குள் இருந்தது. வாதாபியில், இன்றைய பாதாமியில், நரசிங்கவர்மனின் கல்வெட்டு ஒன்று சிதைந்துபோய் இன்றும் நிற்கிறது. வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் என்ற பெயரை இரண்டு நூற்றாண்டு கழித்து ஆதித்த சோழன்கூடத் திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டில் மரியாதையோடு குறிப்பிடுகிறான். யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது இந்தக் காலத்தில்தான், 640-ஐ ஒட்டி. நூறு சங்காராமங்கள், பத்தாயிரம் பிக்குகள் என்று அவர் எழுதிய நகரம் மாமல்லனின் காஞ்சி.

மெக்சிகோவில் தேசியப் பட்டத்துக்கு மோதும் மல்லர்களிடையே, தோற்றவன் இடுப்பிலிருந்து இறங்கும் பெல்ட் வென்றவன் இடுப்பில் ஏறும். ஏழாம் நூற்றாண்டில் பெல்ட் கிடையாது. சாசனம் உண்டு. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் பழி தீர்க்கத் தெற்கே இறங்கினான். காஞ்சியைப் பிடித்துக் காவிரிக் கரைவரை வந்து, உறையூரில் பாசறை அடித்து, 674-இல் அங்கிருந்தே ஒரு செப்பேடு கொடுத்தான். இன்றைய தெலங்கானாவின் கத்வாலில் கிடைத்த அந்தச் செப்பேட்டில், மகாமல்லனின் குலத்தை அழித்ததால் ராஜமல்லன் என்ற பெயர் தனக்குத் தகும் என்கிறான். நாட்டை வென்றது போதவில்லை அவனுக்கு. பட்டமும் கைமாற வேண்டியிருந்தது. மாமல்லன் என்ற பெயர் எதிரியின் காதில் எப்படி உறுத்தியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ராஜமல்லனுக்குப் பதில் பெருவளநல்லூரில், பரமேசுவரவர்மனிடமிருந்து கிடைத்தது. பல லட்சம் படையோடு வந்த விக்கிரமாதித்தன் கந்தலை மட்டும் சுற்றிக்கொண்டு தனியாக ஓடினான் என்று எழுதுகிறது அதே கூரம் செப்பேடு. தந்தைக்கு முதுகு, மகனுக்குக் கந்தல். அந்தச் செப்பேட்டைக் கத்வால் செப்பேட்டின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரே பட்டத்துக்கு இரண்டு குலங்கள் போட்ட சண்டை அப்போதுதான் முழுதாகப் புரியும்.

பரமேசுவரவர்மனின் மகன் ராஜசிம்மன் காஞ்சியில் எடுத்த கைலாசநாதர் கோயிலில் திருச்சுற்றை ஒட்டிய சிறு சன்னதிகளில் அவன் பட்டங்களை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். இருநூறுக்கும் மேலே. அவற்றில் அமித்திரமல்லன் ஒன்று. கொள்ளுத்தாத்தாவின் தந்தை வைத்துக்கொண்ட சத்துருமல்லனைத்தான் கொள்ளுப்பேரனின் மகன் வேறு சொல்லில் திரும்ப எடுத்துக்கொண்டான். கோயிலுக்கு வருகிறவர்கள் சுவர்ச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இந்த எழுத்துகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரம் குனிந்து பார்க்கலாம்.

பட்டத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் காஞ்சியின் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. ராஜசிம்மனுக்குப் பின் வந்த இரண்டாம் பரமேசுவரவர்மன் சில ஆண்டுகளிலேயே இறந்துபோக, 731-ஐ ஒட்டிக் காஞ்சியின் அரியணை காலியானது. மாத்திரர் என்ற அமைச்சர்களும், மூலப்பிரகிருதிகள் என்ற முதன்மைக் குடிகளும், கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் பல்லவக் கிளைக்குடியைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் ஓர் அரசனைத் தரும்படி கேட்டார்கள். அவனுக்கு நான்கு பிள்ளைகள். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன், பல்லவமல்லன். எல்லாருமே மல்லன்கள். பட்டம் அதற்குள் வீட்டுப் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. முதல் மூவரும் போகமாட்டோம் என்றார்கள். கடைக்குட்டி நான் போகிறேன் என்றான். வயது 12. தந்தைக்கு அனுப்ப மனமில்லை. கூட இருந்த பெரியவர் ஒருவர் தேற்றிய பிறகே சம்மதித்தான். மலையும் ஆறும் காடும் கடந்து வந்த சிறுவனைக் காஞ்சியின் நகரத்தார் எதிர்கொண்டு அழைத்துப் போனார்கள். முடி சூட்டி நந்திவர்மன் என்று அபிஷேகப் பெயர் வைத்தார்கள். ஆனாலும் வரலாறு அவனைப் பல்லவமல்லன் என்றே கூப்பிடுகிறது.

இந்தக் காட்சிகள் திருச்சுற்றுச் சுவரில் சிற்பமாக இருக்கின்றன, கீழே சில இடங்களில் விளக்க வரிகளோடு. மணற்கல் உதிர்ந்துகொண்டே வருகிறது. இவற்றை ஒவ்வொன்றாகப் படித்து அடையாளம் சொன்னவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றி 1938-இல் நூல் வெளியிட்டவர். வைகுண்டப் பெருமாள் சிற்பங்களைப் பற்றிய அவர் நூல் 1941-இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இளம் வயதில் போய்விட்டார். பல்லவமல்லனின் கதையைச் சொல்கிற யாரும் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

பல்லவமல்லன் காலத்தில் சாளுக்கியர் மறுபடி வந்தார்கள். இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். இம்முறை பட்டச் சண்டை இல்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்து, தொடாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் தூணில் எழுதிவிட்டுப் போனான். அந்தத் தூண் இன்னும் கோயிலில் இருக்கிறது.

பிறகு பட்டம் வடக்கே போய்த் தழைத்தது. வாதாபிச் சாளுக்கியர் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்ட கல்யாணிச் சாளுக்கியர் ஆகவமல்லன், திரிபுவனமல்லன், பூலோகமல்லன் என்று ஆளுக்கொரு மல்லப் பெயர் சூடிக்கொண்டார்கள். கொப்பத்தில் 1054-இல் சோழரிடம் தோற்றவன் ஆகவமல்லன் என்ற முதலாம் சோமேசுவரன். பூலோகமல்லன் என்ற மூன்றாம் சோமேசுவரன் பெயருக்கு நியாயம் செய்தான். 1129-ஐ ஒட்டி அவன் எழுதிய மானசோல்லாசத்தில் மல்லர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வயதையும் உடலையும் பலத்தையும் பார்த்துத் தரம் பிரிப்பது, என்ன ஊட்டுவது, எப்படிப் பயிற்சி கொடுப்பது, அரசன் முன்னால் குஸ்தி எப்படி நடக்க வேண்டும் என்று எழுதுகிறான். மல்லன் என்று பெயர் வைத்துக்கொண்ட அரசர்களில் பயில்வான்களின் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு அக்கறைப்பட்டவன் இவன்தான்.

தெற்கே பட்டம் ஊராகி நின்றது. கடற்கரைக் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு அந்த ஊரை மாமல்லபுரம் என்றே எழுதுகிறது. அங்குள்ள குடைவரைகளும் ரதங்களும் யார் காலத்தவை என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. எல்லாமே ராஜசிம்மன் படைப்பு என்று இரா. நாகசாமி 1962-இல் வாதிட்டு ஒரு தலைமுறையையே விவாதத்தில் இறக்கினார். கல் யாருடையதானாலும் பெயர் மல்லனுடையது. ஆனால் காலப்போக்கில் அந்தப் பெயர் மாவலிவரமாகி, மகாபலிச் சக்கரவர்த்தியின் கதை அதில் ஏறிக்கொண்டது. வில்லியம் சேம்பர்ஸ் 1788-இல் அச்சிட்ட கட்டுரையில் மாவலிபுரம் என்றே எழுதினார். ஐரோப்பிய மாலுமிகளுக்கு அது ஏழு கோயில் ஊர்.

மாமல்லனைத் தமிழர் வீடுகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் கல்கி. சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. பட்டமாக இருந்தது அதில் ஆளாகிவிட்டது. நரசிங்கவர்மன் என்றால் யோசிக்கிறவர்கள் மாமல்லர் என்றதும் சிவகாமியையும் வாதாபியையும் சேர்த்தே சொல்வார்கள்.

தமிழக அரசின் பலகைகளில் இன்று மாமல்லபுரம். யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது மகாபலிபுரம் என்ற பெயரில். இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தக் கேட்பதற்குப் புது ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பட்டியலில் உள்ள கடற்கரைக் கோயிலிலேயே ராஜராஜன் காலத்து எழுத்து ஆயிரம் ஆண்டாக இருக்கிறது. அதைப் படியெடுத்து மனுவோடு வைத்தால் போதும்.